ஹென்ட்றிக்ஸ் விட்டுச்சென்ற நாடாக்கள்

ஜிமி ஹென்ட்றிக்ஸ் என்னும் கிற்றார்க் கலைஞர் 1970 செப்ரெம்பர் 18ஆம் திகதி இலண்டனில் காலமானபோது அவருக்கு வயது 27. தமது பெயரை உலகம் அறிந்த பின்னர் அவருக்குக் கிட்டிய காலம் நான்கு ஆண்டுகள்கூட நிரம்பியதன்று. அக்காலத்தினுள் புதிய ஆக்கங்களாக அவர் முழுமைப்படுத்தி வெளியிட்ட பெரும் இசைத்தட்டுக்கள் நான்கே. 1967இல் ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்’, ‘அக்சிஸ்: போல்ட் அஸ் லவ்’ என இரண்டு, 1968இல் ‘எலெக்ற்றிக் லேடிலான்ட்’, 1970இல் ‘பான்ட் ஒஃப் ஜிப்சீஸ்’. முதல் மூன்றும் ஒலிப்பதிவுக் கூடத்திற் பிறந்தவை; நான்காவது மேடையிற் பதிவானது. என்னுடைய அலுமாரியிலோ அவர் பெயர் தாங்கிய இசைத்தட்டுக்களும் இறுவட்டுக்களும் அறுபதைத் தாண்டிவிட்டன. நான்கு எவ்வாறு அறுபதாயிற்று என்பதும், எஞ்சிய ஐம்பத்தாறில் எவற்றை அவருடையவை என்று கொள்ளலாம் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

அவர் விட்டுச்சென்றவை முடிந்த பாடல்கள் அல்ல, நாடாக்களே. மற்றையோர் பாடலை வீட்டில் அமைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து பதிந்துவிட்டுப் போவர். ஹென்ட்றிக்ஸுக்கோ ஒலிப்பதிவுக் கூடமே ஒத்திகை மண்டபம். அதுவே அவருடைய குறிப்பேடு. நியூ யோர்க்கிலுள்ள றெக்கோர்ட் பிளான்ற் கூடத்தில் நாடாவை ஓடவிட்டபடி இரவிரவாக எதையோ தேடிக்கொண்டிருப்பார். அந்தத் தேடலுக்குச் செலுத்திய கட்டணமே பெருஞ்சுமையாகியமையால், கிறீனிச் வில்லேஜ் பகுதியில் தமக்கெனவே ‘எலெக்ற்றிக் லேடி’ என்னும் கூடத்தைக் கட்டுவித்தார். 1970 ஓகஸ்ற் 26ஆம் திகதி அதன் திறப்பு விழா நடைபெற்றது. அடுத்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டவர் அக்கூடத்துக்குத் திரும்பவேயில்லை. மேடை நிகழ்ச்சிகள், பாதியில் நின்ற பாடல்கள், ஒரே பாடலின் பல முயற்சிகள் எனப் பெட்டி பெட்டியாக நாடாக்கள் எஞ்சின. நாடா எத்துணை நொய்தான பொருள் என்பதை அவரே ஒருமுறை கண்டவர். ‘அக்சிஸ்’ இசைத்தட்டின் முதற்பக்க மூலநாடாவை வாடகை மோட்டாரொன்றில் அவர் விட்டுவிட, அது மீளக் கிடைக்கவேயில்லை. பலதட நாடாக்களிலிருந்து அப்பக்கம் முழுவதையும் ஒரே இரவில் மீண்டும் கலந்தமைத்தனர். இன்று நாம் கேட்கும் ‘லிற்றில் விங்’ அவ்வகையில் இரண்டாம் படியே.

இத்தகைய நாடாக்கள் இரு வழிகளால் வெளியுலகை அடைந்தன. ஒன்று, உரிமை பெற்றோரின் முறையான வெளியீடு, மற்றையது கள்ளப்பதிப்பு. நான் சேர்ப்பது முன்னதை மட்டுமே. இது சட்டத்துக்கு அஞ்சியோ ஒழுக்கப் பெருமிதத்தாலோ எழுந்த கட்டுப்பாடன்று. எந்நாள், எவ்விடம், உடன் வாசித்தோர் யாவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத ஒலிப்பதிவு, எவ்வளவு அரிதாயினும், எனக்குப் பயன்படுவதில்லை. முறையான வெளியீட்டாளர் அவ்விடைகளை அச்சிற் கூறக் கடமைப்பட்டவர். அவர்களும் சில வேளைகளிற் பொய் கூறியிருக்கிறார்கள். ஆயினும் அச்சில் வந்த பொய்யைப் பின்னொரு நாளில் பிடித்துவிடலாம். குறிப்பே இல்லாத நாடாவை என்செய்வது?

எனக்கு முதலில் வாய்த்த ஹென்ட்றிக்ஸ் குறிப்பேதும் அற்றவரே. கொழும்பில் ஒலிப்பதிவு நிலையமொன்றில் வெற்று நாடாவிற் பதிந்து வாங்கிய ஒலிப்பேழை அது. பாடற்பெயர்கள் பாதி எழுத்துப்பிழை, மீதி விடுபட்டவை. 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் இல்லாத, பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் அதனைக் கேட்பதற்கு எமக்கிருந்த ஒரே வழி, துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து மின்னெடுத்துப் பெட்டியை இயக்குவது. மச்சான் மிதிப்பான், நான் கேட்பேன். பின்னர் நான் மிதிப்பேன், அவன் கேட்பான். மிதிப்பவனின் கால் சோரப் பாட்டின் சுருதியும் சோரும். ஹென்ட்றிக்ஸ் இயல்பாகவே தமது கிற்றாரை வழமையான சுருதியிலிருந்து அரைச் சுரம் தாழ்த்தி வைப்பவர். மச்சானின் கால்கள் அதனை இன்னும் ஒரு சுரம் கீழே கொண்டுபோயின. எது கலைஞனுடையது, எது கருவியினுடையது என்று பிரித்தறியும் ஆவல் எனக்கு அந்நாளிலேயே தோன்றிற்று எனலாம். நாட்டில் வாங்கத்தக்கதாக இறுவட்டுக்கள் வரத் தொடங்கியபோது நான் தேடியது புதிய பாடல்களை அன்று. அட்டையினுள் மடித்து வைக்கப்பட்டிருந்த குறிப்புத்தாள்களையே.

அக்குறிப்புத்தாள்களின் துணைகொண்டு நான் நெடுங்காலம் பின்தொடர்ந்த பாடல் ‘ஹியர் மை ற்றெயின் எ கமின்’. ஹென்ட்றிக்ஸ் உயிரோடிருந்த காலத்தில் இப்பாடலின் எந்த வடிவமும் இசைத்தட்டாக வெளிவந்ததில்லை. ஆயினும் மேடையில் அவர் அடிக்கடி பாடியது. கூடத்தில் மீண்டும் மீண்டும் முயன்றது. புகையிரத நிலையத்தில் ஒருவன் காத்து நிற்கிறான். அவனை மதியாத ஊர். அவனைக் கைவிட்ட பெண். வண்டி வந்ததும் ஏறிப் போவான். பெரியவனாகித் திரும்பி வந்து அவ்வூரையே விலைக்கு வாங்குவான். கதை இவ்வளவே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் மரபில் புகையிரதம் வெறும் வாகனமன்று. தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களிலிருந்து சிக்காகோவுக்கும் டெற்றோயிற்றுக்கும் இலட்சக்கணக்கானோரைக் கொண்டுசென்றது அது. ஹென்ட்றிக்ஸ் பிறந்ததோ வடமேற்கு மூலையிலுள்ள சியற்றிலில். ஆனால் புகழ் வருமுன் ஐஸ்லி சகோதரர், லிற்றில் றிச்சட் முதலியோரின் பின்னணியிற் கிற்றார் வாசித்தபடி தென்மாநில மேடைகள் பலவற்றில் அலைந்தவர். காத்திருப்பு அவர் அறிந்த பொருளே.

1967 டிசெம்பரில் இலண்டனில் ஒரு குறும்படத்துக்காக அவர் கையிற் பன்னிரு தந்திக் கிற்றார் ஒன்றைக் கொடுத்தார்கள். மின்னொலிபெருக்கி இல்லை, பக்கத்தில் முரசு இல்லை. சிறிது வாசித்தவர் நிறுத்திவிட்டு, தமக்குப் பயமாக இருந்தது என்றும் மீண்டும் ஒருமுறை வாசிக்கலாமா என்றும் கேட்கிறார். மேடையிற் கிற்றாரைத் தீயிட்டவர் என்று பேரெடுத்த மனிதர்! பின்னர் வாசித்தது மூன்று நிமிட அளவினது. 1973இல் அவரைப் பற்றிய திரைப்படத்தின் இசைத்தட்டில் அது வெளிவந்தது. அதே மாதத்தில், சில நாட்கள் முன்னதாக, பிபிசி வானொலிக்காக அதே பாடலை அவர் மின்கிற்றாரில் வாசித்திருந்தார். அது 1988இல் ‘றேடியோ வண்’ இறுவட்டில் வந்தது. 1969 ஏப்ரிலில் மிச் மிச்சல், நோயல் றெடிங் ஆகியோருடன் கூடத்திற் பதிந்தது 2010இல் ‘வலீஸ் ஒஃப் நெப்ரியூன்’ தொகுப்பில் வெளியாயிற்று. அடுத்த மாதமே பில்லி கொக்ஸ், படி மைல்ஸ் ஆகியோருடன் பதிந்தது 2013இல் ‘பீப்பிள், ஹெல் அன்ட் ஏஞ்சல்ஸ்’ தொகுப்பில் வந்தது. வூட்ஸ்ரொக் திருவிழாவிலும் அவர் இதனை வாசித்தார். 1970 மே 30ஆம் திகதி கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் வாசித்ததோ பதினொரு நிமிடம் நீள்வது; அது அவர் மறைந்த மறு ஆண்டே, 1971இல், ‘றெயின்போ பிறிட்ஜ்’ இசைத்தட்டில் இடம்பெற்றது.

பேர்க்லிப் பதிவையே பலரும் சிறந்ததென்பர். அதன் வலிமையை நான் மறுக்கவில்லை. வண்டி கண்முன்னே நிலையத்தைப் பிளந்துகொண்டு செல்வதைப் போன்றது அது. எனினும் என் மனம் 1969 மே மாதப் பதிவிடமே திரும்பித் திரும்பிச் செல்லும். படி மைல்ஸின் முரசு அவசரமற்றது. மிச் மிச்சலைப்போல ஒவ்வொரு இடைவெளியையும் நிரப்ப விரும்பாதது. அந்த நிதானத்தின்மேல் ஹென்ட்றிக்ஸ் ஒரு சொற்றொடரைத் தொடங்குகிறார், விடுகிறார், சற்றே வேறாக மீண்டும் தொடங்குகிறார். முடிந்த பாடல் ஒன்றில் இத்தயக்கத்தைக் கேட்க முடியாது, அது துடைக்கப்பட்டிருக்கும். இதுவே இறுதி வடிவம் என்று ஆசிரியன் ஒன்றைச் சுட்டாமற் போனமையால், இவ்வடிவங்கள் அனைத்தும் சேர்ந்ததே அப்பாடல் என்று நான் கொள்கிறேன். ஒன்றை மட்டும் வைத்திருப்பவன் அப்பாடலின் ஒரு நாளை மட்டும் வைத்திருப்பவன்.

இதே பாடலுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதனை என் அலுமாரியிற் புறம்பாக வைத்திருக்கிறேன். 1974இல் ஹென்ட்றிக்ஸின் நாடாக்கள் தயாரிப்பாளர் அலன் டக்ளஸின் பொறுப்பில் வந்தன. அவர் 1975இல் ‘க்றாஷ் லான்டிங்’, ‘மிட்னைற் லைற்னிங்’ என இரு இசைத்தட்டுக்களை வெளியிட்டார். நாடாவிலிருந்த மூல முரசையும் அடித்தந்திக் கிற்றாரையும் பெரும்பாலும் நீக்கிவிட்டு, அலன் சுவாட்ஸ்பேர்க், பொப் பபிற் முதலிய கூலிக்கு வாசிக்கும் கலைஞரைக்கொண்டு புதிதாக வாசிப்பித்துச் சேர்த்தார். அவர்கள் தம் தொழிலில் வல்லவர்களே. குறை அவர்களிடத்தில் இல்லை. ஹென்ட்றிக்ஸ் அவர்களோடு அந்தப் பாடல்களை ஒருபோதும் வாசித்ததில்லை என்பதே குறை. இறந்தவர் எதிரே நின்று வாசிப்போருக்கு மறுமொழி கூற மாட்டார். அவருடைய கிற்றார் வினவுகிறது. வேறோர் ஆண்டில் வேறொருவர் வேறெதற்கோ விடையளிக்கிறார். போதாக்குறைக்கு, ‘க்றாஷ் லான்டிங்’ பாடல்கள் சிலவற்றுக்கு டக்ளஸ் தம்மையும் இணை ஆசிரியராகப் பதிவுசெய்துகொண்டார்.

தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த மரபில் வந்தவர்கள் நாம். செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவதும், அவ்விடத்திற் பதிப்பாசிரியன் தானே ஒரு சொல்லைப் புனைந்து இட்டு அதனை மூலமென அச்சிடுவதும் ஒன்றாகா என்பது நமக்கு விளக்க வேண்டுவதன்று. டக்ளஸுக்கு நியாயமும் செய்ய வேண்டும். 1994இல் அவர் தொகுத்தளித்த ‘புளூஸ்’ இறுவட்டு, என் கருத்தில், ஹென்ட்றிக்ஸைப் பற்றிய மிகச்சிறந்த திறனாய்வுக் கட்டுரைக்கு ஒப்பானது. பன்னிரு தந்திக் கிற்றாரில் வாசித்த ‘ஹியர் மை ற்றெயின்’ அதன் முதலில் வருகிறது. பேர்க்லிப் பதிவு அதன் இறுதியில் வருகிறது. ஒரு சொல்லும் எழுதாமல், ஒழுங்குபடுத்தியே அவர் தம் கருத்தைக் கூறிவிட்டார். ஆனால் மறு ஆண்டில் அவரே ‘வூடூ சூப்’ என்ற இறுவட்டில் புதிய முரசொலியைச் சில பாடல்களிற் சேர்த்தார். பழக்கம் அத்துணை எளிதில் விடுவதில்லை போலும்.

அந்த 1995ஆம் ஆண்டிலேதான் நீண்ட வழக்கொன்றின் பின்னர் தந்தையாரான அல் ஹென்ட்றிக்ஸ் மகனின் ஆக்கங்களுக்கான உரிமையை மீட்டார். அவர் நிறுவிய குடும்பக் கம்பனி, ஹென்ட்றிக்ஸின் ஒலிப்பதிவுப் பொறியியலாளராயிருந்த எடி க்றேமரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1997இல் வந்த ‘ஃபேர்ஸ்ற் றேய்ஸ் ஒஃப் த நியூ றைசிங் சன்’ பதினேழு பாடல்கள் கொண்டது. ஹென்ட்றிக்ஸ் இறக்கும்போது உருவாக்கிக்கொண்டிருந்த இசைத்தட்டை, அவருடைய கைக்குறிப்புக்களைத் துணைக்கொண்டு மீட்டமைக்கும் முயற்சி அது. அம்முயற்சியை நான் மதிக்கிறேன்; அது மீட்டமைப்பு என்பதை மறவாமலும் இருக்கிறேன். 1971இல் க்றேமரும் மிச்சலும் துக்கம் ஆறுமுன்னரே கலந்து வெளியிட்ட ‘த க்றை ஒஃப் லவ்’ பத்துப் பாடல்களே கொண்டது. அதனைக் கேட்கையில் ஒரு மரணவீட்டின் அவசரம் தெரிகிறது. எனக்கு அதுவே கூடுதல் உண்மையாகப் படுகிறது. இது என் தனிப்பட்ட சாய்வாகவும் இருக்கலாம்.

குடும்பக் கம்பனியும் குறையற்றதன்று. ‘வலீஸ் ஒஃப் நெப்ரியூன்’ தொகுப்பிலுள்ள ‘மிஸ்ரர் பாட் லக்’ 1967இற் பதியப்பட்டது. ஆனால் அதில் நாம் கேட்கும் முரசும் அடித்தந்திக் கிற்றாரும் 1987இல் மிச்சலும் றெடிங்கும் புதிதாக வாசித்துச் சேர்த்தவை. உடன் வாசித்த அதே இருவர்தாம். இருபது ஆண்டுகள் கழித்து. குறிப்புத்தாள் அதனை மறைக்காமற் கூறிவிடுகிறது. ஆதலால் என் சினம் தணிகிறது. தேதியைக் கூறிவிடுங்கள், பின்னர் கேட்பவன் தீர்மானிப்பான் என்பதே என் நிலைப்பாடு.

அச்சில் வந்த பொய் என்று முன்னர் குறிப்பிட்டேன். 1972இல் வெளிவந்த ‘ஹென்ட்றிக்ஸ் இன் த வெஸ்ற்’ இசைத்தட்டே அதற்கு எடுத்துக்காட்டு. அதிலுள்ள ‘லிற்றில் விங்’, ‘வூடூ சைல்ட்’ ஆகிய இரண்டும் கலிபோர்ணியாவின் சான் டியேகோவிற் பதிவானவை என்று அட்டை கூறிற்று. உண்மையில் அவை 1969 பெப்ரவரி 24ஆம் திகதி இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்திற் பதிவானவை. அந்நிகழ்ச்சியின் உரிமை பிணக்கிலிருந்தமையால் ஊர் மாற்றப்பட்டது. 2011இல் இத்தட்டு மறுவெளியீடு கண்டபோது அவ்விரு பதிவுகளும் நீக்கப்பட்டன. ‘லிற்றில் விங்’கிற்குப் பதிலாக சான் பிரான்சிஸ்கோவின் வின்ரர்லான்ட் அரங்கிற் பதிவானது இடப்பட்டது. ‘வூடூ சைல்ட்’ இடத்துக்கு மெய்யாகவே சான் டியேகோப் பதிவு வந்தது. அதாவது முதற்பதிப்பு பொய்யான ஊரைச் சொல்லி நல்ல பாட்டைத் தந்தது. மறுபதிப்பு உண்மையான ஊரைச் சொல்லி அப்பாட்டைப் பறித்தது. அல்பேர்ட் மண்டபத்து ‘லிற்றில் விங்’ மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடியது. கூடத்திற் பதிந்த மூலவடிவம் இரண்டரை நிமிட அளவில், கிற்றார் மேலெழும் தறுவாயிலேயே மங்கி மறைந்துவிடும். மேடையில் மறைவதற்கு வழியில்லை. பாட்டு எங்கேனும் சென்று முடிந்தாக வேண்டும். அவர் அதை எங்கே கொண்டுசென்று இறக்குகிறார் என்பதற்காகவே கீறல் விழுந்த அந்தப் பழைய தட்டை நான் விற்காமல் வைத்திருக்கிறேன்.

‘மெஷின் கன்’ என்னும் பாடலைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. 1969 டிசெம்பர் 31ஆம் திகதியும் 1970 ஜனவரி 1ஆம் திகதியும் நியூ யோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ற் அரங்கில் நாளுக்கு இரண்டாக நான்கு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. புகழ் வருமுன் 1965இல் ஒரேயொரு டொலர் முற்பணத்துக்குக் கையொப்பமிட்ட ஒப்பந்தமொன்று பின்னாளில் அவரை வழக்கில் மாட்டிற்று. அப்பிணக்கைத் தீர்க்க ஓர் இசைத்தட்டு கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கெனப் பதிந்தவையே இந்நிகழ்ச்சிகள்; அவற்றிலிருந்து தெரிந்த ஆறு பாடல்களே ‘பான்ட் ஒஃப் ஜிப்சீஸ்’. தாம் விரும்பி வெளியிட்டதன்று என்பதால் அத்தட்டில் அவருக்கு முழுத் திருப்தி இருக்கவுமில்லை. 1999இல் இரண்டு இறுவட்டுக்களாகவும், 2016இல் முதல் நிகழ்ச்சி தனியாகவும், 2019இல் நான்கு நிகழ்ச்சிகளும் சேர்ந்து ஐந்து இறுவட்டுக்களாகவும் எஞ்சியவை வெளிவந்தன. ஒரே பொருளை மூன்று முறை விற்றார்கள் என்று ஒருவர் குறைகூறின் நான் எதிர்வாதஞ் செய்யேன். மூன்றையும் வாங்கியவன் என்ற முறையிற் பெருமூச்சு விடுவேன்.

ஆயினும் நான்கு இசையமர்வுகளையும் வரிசையிற் கேட்பவனுக்குக் கிடைப்பது வேறெங்கும் கிடையாதது. வியற்நாமிற் போரிடுவோருக்கும், அமெரிக்க நகரத் தெருக்களிற் போரிடுவோருக்கும் சேர்த்தே அவர் இப்பாடலைப் படைக்கிறார். அவரும் 1961-62இல் விமானத்திலிருந்து குதிக்கும் படைப்பிரிவொன்றிற் சேவையாற்றியவர். அடித்தந்திக் கிற்றார் வாசிக்கும் பில்லி கொக்ஸை அவர் சந்தித்ததும் படைமுகாமிலேதான். படி மைல்ஸின் முரசு சூட்டொலியைத் தருகிறது. கிற்றார் அதனோடு இணைகிறது. டிசெம்பர் 31ஆம் திகதி முதல் நிகழ்ச்சியில் வாசித்தது குறுகியது. துப்பாக்கியைப் போலச் செய்து காட்டும் முயற்சி அதில் மேலோங்கியிருக்கிறது. ஜனவரி 1ஆம் திகதி முதல் நிகழ்ச்சியிற் பதிவானது, இசைத்தட்டில் இடம்பெற்றது, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்பட்டது. அங்கே கிற்றார் ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கிறது; அது துப்பாக்கியின் ஒலியன்று, சூடுபட்டவனின் ஒலி. இரண்டுக்குமிடையில் ஒரு நாள்.

யாழ்ப்பாணத்தில் அந்த ஒலிப்பேழையிலும் இப்பாடல் இருந்தது. அது தொடங்கிச் சற்று நேரத்தில் உள்ளே படுத்திருந்த அம்மம்மா, “உதை நிப்பாட்டு மோனை, வெளியிலை கேக்கிறது காணாதே?” என்றார். மச்சான் மிதிப்பதை விட்டான். பாட்டு இழுபட்டு ஓய்ந்தது. அம்மம்மாவின் அச்சொல்லை இசைத்திறனாய்வாகவே இன்றும் கொள்கிறேன். மேனாட்டு எழுத்தாளர் பலர் இப்பாடலில் ஒலியின் புதுமையை வியப்பர். யூனி-வைப், ஒக்ரேவியா முதலிய கருவிகளின் பெயர்களைக் கூறுவர். அவர் கேட்டதோ பொருளை.

உடன் வாசித்தோரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மிச்சலும் றெடிங்கும் 1970களில் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்ததாகக் கூறப்படும் உரிமைகள் தொடர்பாக, அவர்களின் வாரிசுகள் தரப்பினர் 2022இல் இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். றெடிங் 2003இலும், படி மைல்ஸும் மிச்சலும் 2008இலும் காலமாகிவிட்டனர். சட்டத்தின் விடை யாதாயினும், அறுபது தட்டுக்களிலும் ஒருவர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருப்பது என் கண்ணை உறுத்துகிறது. ‘ஹியர் மை ற்றெயின்’ ஏப்ரிலில் ஒன்றாகவும் மே மாதத்தில் வேறொன்றாகவும் ஒலிப்பதற்குக் காரணம் ஹென்ட்றிக்ஸ் மாறியதன்று. முரசின் பின்னே இருந்தவர் மாறியது. மிச்சலின் முரசைத் துடைத்துவிட்டு வேறொருவரை வாசிக்கச் செய்தோரும், அவர் பெயரைச் சிற்றெழுத்தில் அச்சிடுவோரும் செய்வது ஒரே வகையான செயல் என்றே நினைக்கிறேன்.

குடும்பக் கம்பனி 1998இல் ‘டாகர் றெக்கோர்ட்ஸ்’ என்னும் கிளையைத் தொடங்கியது. கூடத் தரத்துக்கு ஒவ்வாத பதிவுகளை, கள்ளப்பதிப்பாளரின் கையிலிருந்து பறித்து முறையாக வெளியிடுவது அதன் நோக்கம். முதல் வெளியீடான ஓக்லான்ட் நிகழ்ச்சி, 1969இற் பார்வையாளர் ஒருவர் சபையிலிருந்தே நாடாவிற் பிடித்தது. ஒலி மங்கல்தான், கைதட்டல் கிற்றாரைவிட அருகிற் கேட்கிறது. ஆயினும் நாள், இடம், ஆட்கள் மூன்றும் அட்டையில் உண்டு. கள்ளமாகப் பிடித்த ஒன்று முறையான ஆவணமாக மாறிய அழகு இது. 2022இல் எமது ரூபா வீழ்ந்தபின் இத்தகையவற்றை வரவழைப்பது இயலாத காரியமாயிற்று. எனினும் அதற்கு முன்னரே, 2005இல் வெளிவந்த ஃபேமார்ன் தீவு நிகழ்ச்சி என் கைக்கு வந்துவிட்டது.

ஃபேமார்ன் ஜேர்மனியின் வடகரையிலுள்ள தீவு. 1970 செப்ரெம்பர் 6ஆம் திகதி ஹென்ட்றிக்ஸ் தமது கடைசி இசை நிகழ்ச்சியை அங்கே நடத்தினார். முன்னாள் வாசிக்க வேண்டியவர். புயலும் மழையும் காரணமாக மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. காத்து நனைந்த கூட்டம் அவரைக் கண்டதும் கூவி எதிர்ப்புக் காட்டியது. கூவுவதாயின் சுருதியோடு கூவுங்கள் என்னும் பொருள்பட அவர் ஏதோ கூறியதாகச் சொல்வர். பின்னர் ஹௌலின் வூல்ஃபின் ‘கில்லிங் ஃபுளோர்’ பாடலைத் தொடங்கினார். 1967 யூன் 18ஆம் திகதி மொன்ரறேத் திருவிழாவில், பிறந்த நாட்டுக்கு இங்கிலாந்திலிருந்து புதியவராய்த் திரும்பிய இரவிலும் அவர் தொடங்கியது இதே பாடலைத்தான். 1986இல் வெளிவந்த ‘ஜிமி பிளேஸ் மொன்ரறே’ தொகுப்பில் அது உள்ளது.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் கேட்பது என் வழக்கம். மொன்ரறேயில் அது ஓடுகிறது. மூவரும் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கிறார்கள், றெடிங் பின்தங்காமலிருக்கப் படாதபாடு படுகிறார். ஃபேமார்னில் வேகம் குறைவு, ஒலி கரடுமுரடு, காற்றும் நாடாவில் ஏறியிருக்கிறது. றெடிங்கின் இடத்திற் கொக்ஸ் நிற்கிறார். முரசில் இரண்டு நாளும் மிச் மிச்சலே. சில அடிகள் சென்றபின், கூட்டத்தின் கூச்சல் இன்னும் அடங்காத நிலையில், ஹென்ட்றிக்ஸ் பல்லவியிலிருந்து விலகிக் கிற்றாரைச் சற்று அலையவிடுகிறார். மிச்சல் அவரைப் பின்தொடர்கிறார்.